நரிக்கு வைத்த தட்டு

நரி தந்திரமான விலங்கு என்று ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தே பல வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது, நானும் அப்படித்தான் நடத்தினேன். வடக்கனந்தலில் வீடு கட்டிக் குடிபோன மூன்றாவது வருஷத்திலிருந்து அந்தப் பாடம் வந்தாலே பிள்ளைகள் முகத்தைப் பார்க்காமல் புத்தகத்தையே பார்ப்பேன். சீக்கிரமாகப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

எங்கள் ஊர் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த காலம் அது. எங்களுடையது தெருவின் கடைசி வீடு. பின்பக்கம் கிளுவை வேலி, வேலிக்கு அப்பால் நாலைந்து பேருடைய கொல்லை, அப்புறம் கற்குவியலும் முள்ளுமாகக் கொஞ்சம் தரிசு, அதற்குப் பின்னால் மலை. வேலிக்கு உள்ளே இருந்தது என் தோட்டம். தோட்டம் என்று நான்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ரெண்டு பப்பாளி, ஒரு சீத்தா, ஒரு முருங்கை, கொஞ்சம் கத்தரி, ஒரு ஓரத்தில் மல்லாட்டை. வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஆறு கோழிகளும் உண்டு. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளிடம் கத்திவிட்டு வருகிறவளுக்கு எதிர்த்துப் பேசாத சீவன் நாலு வேண்டும். கத்தரிச் செடி எதிர்த்துப் பேசாது.

பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் மார்பளவு சுவர். அந்தப் பக்கம் குடியிருந்த பெண்மணியை அக்கா என்றே கூப்பிட்டேன். என்னைவிடப் பத்து வயது பெரியவர். சொந்த அக்காவிடம் சொல்லாததையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். கறிவேப்பிலை, தோசை மாவு, பால் திரிந்துபோன நாளில் ஒரு டம்ளர் பால் என்று அந்தச் சுவரைத் தாண்டிப் போகாத சாமான் இல்லை. வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது அக்கா வைத்திருந்த சட்டம். "வெறும் ஏனத்தக் குடுத்தா நல்லாவா இருக்கும்?" என்பார். கொடுக்க எதுவும் இல்லாத ஒரு நாள், என் குழம்புச் சட்டிக்குள் ஒரே ஒரு எலுமிச்சம்பழம் உருண்டுகொண்டு திரும்பி வந்தது. நான் சிரித்தேன். ஆனால் பழக்கம் ஒட்டிக்கொண்டது. நானும் வெறும் பாத்திரத்தை அந்தப் பக்கம் அனுப்பியதில்லை.

மல்லாட்டை காய் பிடித்த சமயத்தில்தான் நரி வர ஆரம்பித்தது. காலையில் எழுந்து போய்ப் பார்த்தால் பாத்தி முழுக்கக் குழி. தின்றது கொஞ்சம், தோண்டிப் போட்டது ஜாஸ்தி. பப்பாளி பழுத்து விழுந்தால் எங்களுக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடும். நாய் என்றுதான் முதலில் நினைத்தோம். அப்புறம் ஒரு நாள் விடியும்போது கிளுவை வேலியில் இருந்த சந்து வழியாகத் தலையை நீட்டியது. நாயைவிடச் சின்ன உடம்பு, கூரான மூஞ்சி, வால் நுனியில் மட்டும் கறுப்பு. இடது காது நடுவில் கிழிந்து ரெண்டாக நின்றது. என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி போய்விட்டது. எனக்கு அதுதான் ரோஷமாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் யோசனை கேட்டுக்கொண்டு வந்தார். மண்ணெண்ணெய் நனைத்த துணியைக் கட்டினோம், பப்பாளியின் வாசனையே போய் வீடு முழுக்க ஸ்டவ் வாடை அடித்தது. காலி டப்பாக்களைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டதில் காற்றடித்த நாளெல்லாம் எங்களுக்குத்தான் தலைவலி. மனுஷ வாடைக்கு நரி அண்டாது என்று யாரோ சொன்னார்கள் என்று சலூனிலிருந்து ஒரு கோணிப்பை நிறைய முடி வாங்கி வந்து வேலியோரம் தூவினார். மறுநாள் பார்த்தால் ஊரார் தலைமுடிமேல் நரி கழிந்துவிட்டுப் போயிருந்தது. கிறிஸ்துமசுக்கு வாங்கி மிச்சமிருந்த பட்டாசையும் கொளுத்தினோம். கோழிகள் ஒரு வாரம் முட்டையிடவில்லை. நரி மட்டும் வழக்கம்போல் வந்தது.

கடைசியில் வழி தானாகக் கிடைத்தது. கருவாட்டுக் குழம்பு வைத்த மறுநாள், மிச்சச் சோற்றையும் கருவாட்டுத் தலையையும் கொட்டப் போனேன். கையில் இருந்தது பழைய எனாமல் தட்டு. வெள்ளைத் தட்டு, நீல விளிம்பு, ஒரு பக்கம் எனாமல் உதிர்ந்து கறுத்திருக்கும். ஒட்டியிருந்த முள் விழுவதற்காகத் துவைக்கிற கல்லில் ரெண்டு தட்டுத் தட்டினேன். சந்தில் கிழிந்த காது தெரிந்தது. தட்டைக் கல்மேலேயே வைத்துவிட்டுப் படியில் வந்து நின்றுகொண்டேன். வந்தது, முகர்ந்தது, தின்றது. அன்றைக்கு மல்லாட்டையில் ஒரு குழிகூட இல்லை.

அதிலிருந்து தினம் காலையில் ஒரு தட்டு. சோறு, கருவாட்டுத் தலை, சில நாள் முட்டை ஓடு. லஞ்சம் கொடுத்துக் காரியம் முடிப்பது நம் ஊருக்குப் புதிதா என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். லஞ்சமாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் வாங்கின லஞ்சத்துக்கு அந்த நரி நாணயமாக இருந்தது. கோழியைத் தொடவில்லை, செடியைத் தோண்டவில்லை, கொல்லையில் எலித் தொல்லைகூடக் குறைந்தது. கல்லில் ரெண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி இன்னொரு தட்டு என்று எங்களுக்குள் ஒரு கணக்கு உண்டாயிற்று. அந்தச் சத்தம் கேட்டால்தான் அது சந்தை விட்டு வெளியே வரும். நான் ரெண்டடி தள்ளி நின்றாலும் தின்னும். ஒரு காட்டு சீவன் நம்மை நம்புகிறது என்பதில் ஒரு கர்வம் இருக்கிறது. எனக்கும் அது இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

கர்வம் வந்தால் யாரிடமாவது காட்ட வேண்டும். அக்காவிடம் காட்டினேன்.

அக்காவுக்குக் கண் விரிந்துவிட்டது. "அடி ஆத்தி, நரி மொகத்துல முழிச்சா அவ்ளோ நல்லதாச்சே டீச்சரு! நீ தெனம் முழிச்சிக்கினு கீற, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு."

நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது என்றேன். அக்கா காதிலேயே வாங்கவில்லை. மறுநாள் விடிகாலையில் வந்துவிட்டார். அவர் வந்த அழகைச் சொல்ல வேண்டும். எழுந்ததும் முதலில் நரி முகத்தைத்தான் பார்க்க வேண்டுமாம். வழியில் புருஷன் முகம், மாட்டு முகம் எதுவும் கண்ணில் பட்டுவிடக் கூடாது. அதனால் முந்தானையை மூஞ்சிமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி, எங்கள் சமையலறை ஜன்னல் வரைக்கும் கண்ணை மூடியபடி வந்து நின்றார். "வந்திச்சா? வந்திச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் "இப்ப தொறங்க" என்றதும் முந்தானையை விலக்கி நரியைப் பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்த வாரமே அவர் மகளுக்கு வரன் அமைந்தது. அதற்கு முன்னால் மூன்று இடம் வந்து தட்டிப்போயிருந்த பெண். அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? மாதத்தில் பத்து நாளாவது அக்கா முந்தானை மூடிய முகத்தோடு என் ஜன்னலில் நிற்பார். ஒரு நாள், "நான் தட்டிப் பாக்கட்டா?" என்று கேட்டார். தட்டை அவர் கையில் கொடுத்தேன். "ரெண்டு தட்டு, நிறுத்தி ஒண்ணு. அவசரப்பட்டா வராதுக்கா," என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற மாதிரி கையைப் பிடித்துச் சொல்லித் தந்தேன். நரி வந்தது. அக்கா குழந்தை மாதிரி சிரித்தார்.

அக்காவின் பிறந்த ஊர் மலைக்கு மேற்கே, சேலம் ஜில்லாவைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. அந்தப் பக்கத்துச் சில ஊர்களில் பொங்கலுக்கு நரி பிடிப்பார்கள். வலை போட்டுப் பிடித்து, ஊர் சனம் முழுக்க அதன் முகத்தைப் பார்த்து, கோயில் மைதானத்தில் கயிறு கட்டி ஓடவிட்டு, அப்புறம் காட்டில் விட்டுவிடுவார்கள். நரி முகம் பார்க்காமல் அந்த வருஷ வெள்ளாமையில் கை வைக்க மாட்டார்கள். அந்தத் தை மாதம் நரி பிடிக்கிற பொறுப்பு அக்காவின் தம்பிக்கு வந்திருந்தது. ஆனால் தரிசெல்லாம் மரவள்ளியும் கரும்புமாகிவிட்ட ஊரில் நரி எங்கே இருக்கும்? மூன்று நாள் வலையோடு அலைந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஊரில் தலைகாட்ட முடியவில்லை என்று தம்பி சொல்லியனுப்பியிருந்தார்.

பொங்கலுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, அக்கா சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"டீச்சரு, உன் நரிய ரெண்டு நாளைக்கிக் குடேன்."

தோசைக் கல்லைக் கேட்கிற மாதிரி கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இன்னா சிரிக்கிற? மூஞ்சியப் பாத்துட்டு வுட்டுடுவாங்க. ஒரு முடி உதிராது."

"அது சினையா இருக்குதுக்கா. வயித்த நீங்களே பாத்தீங்களே."

"சினை நரின்னா இன்னும் விசேஷம்."

"வேணாங்க்கா. என்ன நம்பி வந்து சாப்புடுது. எப்படிப் புடிச்சிக் குடுக்குறது?"

அக்கா சுவரிலிருந்து கையை எடுத்தார். "சரி வுடு. நீ வேணான்னா வேணாம்," என்றார். அப்புறம் ரெண்டு கொத்து கறிவேப்பிலை கேட்டார், ஒடித்துக் கொடுத்தேன். அந்த 'வேணாம்' என்ற வார்த்தையை நான் முழுசாக நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ரெண்டு பேரும் விடிந்ததும் சைக்கிளில் பூசைக்குப் போய்விடுவோம். அன்றைக்கு மட்டும் நரிக்குச் சாப்பாடு கொஞ்சம் தாமதமாகும், திரும்பி வந்துதான் வைப்பேன். இதுவும் அக்காவுக்குத் தெரியும். பூசை முடிந்து வந்து சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனால், கல்லின்மேல் தட்டைக் காணோம். வேலிச் சந்தில் ரெண்டு கிளுவைக் கம்பு முறிந்து கிடந்தது. மண்ணெல்லாம் கிளறி இருந்தது. முள்ளில் கொஞ்சம் ரோமமும், அறுந்த நைலான் நூலும் மாட்டியிருந்தன. கையிலிருந்த சோறு ஆறிப்போகும் வரைக்கும் அப்படியே நின்றேன்.

யாரோ வேட்டைக்காரர்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. முதலில் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று சுவருக்கு ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. பொங்கலுக்குப் பிறந்த வீடு போய்விட்டு வருவார் போலிருக்கிறது, வந்ததும் சொல்லி அழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இதைவிட ஒரு முட்டாள் இருப்பாளா?

பொங்கலன்று மதியம் அக்கா சுவருக்கு வந்தார். குளித்து, மஞ்சள் பூசி, தலை நிறையப் பூவோடு முகம் பளிச்சென்று இருந்தது. "இந்தா டீச்சரு," என்று இலையால் மூடிய தட்டு ஒன்றை நீட்டினார். சர்க்கரைப் பொங்கல், முந்திரி தூக்கலாக. வாங்கி இலையை விலக்கினேன். பொங்கலுக்கு அடியில் நீல விளிம்பு தெரிந்தது. உதிர்ந்த இடம் கறுப்பாகத் தெரிந்தது.

"இந்தத் தட்டு?" என்றேன்.

"உன்னுதுதான். அன்னிக்கி அவசரத்துல எடுத்துக்கினு போயிட்டேன். நீ கோயிலுக்குப் போயிருந்த, கேக்க ஆளில்ல. புளி போட்டு நல்லா தேச்சிட்டேன், நரி தின்ன தட்டுன்னு யோசிக்காத. வெறுந்தட்டாக் குடுக்கலாமா, சொல்லு?"

நான் ஒன்றைத்தான் கேட்டேன். "நீங்களா தட்டினீங்க?"

"பின்ன? ரெண்டு தட்டு, நிறுத்தி ஒண்ணு. நீ சொல்லிக் குடுத்தாப்புலயே. சொன்னா நம்ப மாட்ட, ஒரே வாட்டிதான் தட்டுனேன், வந்துடுச்சி!"

அந்தக் குரலில் பெருமை இருந்தது. பாடம் ஒப்பித்துவிட்டுப் பாராட்டுக்கு நிற்கிற பிள்ளையின் பெருமை. திருடினேன் என்று தலை குனிந்திருந்தால் நான் பொறுத்திருப்பேனோ என்னவோ. அவருக்குத் தான் செய்தது துரோகம் என்றே தெரியவில்லை. என் நரி, என் தட்டு, என் சத்தம், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் முந்திரி தூவித் திருப்பிக் கொடுத்தார். தட்டோடு உள்ளே போனேன். பொங்கலைக் கோழிகளுக்குப் போட்டேன். அவை ரசித்துத் தின்றன, கோழிகளுக்கு ரோஷம் கிடையாது.

காணும் பொங்கலன்று காலையில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். சின்னசேலத்தில் இறங்கி வேறு பஸ் மாறி அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மேளச் சத்தம் கேட்டது. எப்படியாவது பேசி மீட்டுவிடலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு. கோயில் மைதானத்தில் கூட்டம். ஓர் ஆள் நரியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கழுத்தில் சாமந்தி மாலை. பெண்கள் வரிசையாக வந்து அதன் முகத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வயிறு மட்டும் மேலும் கீழும் வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அக்கா என்னைப் பார்த்துவிட்டார். சந்தோஷமாகக் கையைத் தூக்கி, "இவங்கதான், இவங்கதான் டீச்சரு!" என்று கத்தினார். தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "வாங்க டீச்சரம்மா. நீங்க மட்டும் நரி குடுக்கலன்னா எங்க ஊரு மானம் போயிருக்குங்க," என்று கும்பிட்டார். என்ன ஏது என்று நான் வாயைத் திறப்பதற்குள் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழத்தோடு ஒரு தாம்பாளம் என் கையில் வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கும்பிட்டார்கள். நரி கொடுத்த டீச்சர்.

"நான் குடுக்கலைங்க," என்றேன். மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. "அது சினைங்க, இப்பவே வுட்டுடுங்க," என்று தம்பியின் காதருகே போய்ச் சொன்னேன். "வுட்டுடுவோங்க, ஓட்டம் முடிஞ்சதும் வுட்டுடுவோங்க. ஊரு வழக்கம் இல்லீங்களா," என்றார் பணிவாக. அப்போது நரி தலையைத் திருப்பியது. நான் நின்ற பக்கம் பார்த்தது. என்னைத்தான் பார்த்தது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நான் கையில் தேங்காயோடு நின்றேன், அது உண்மை.

பின்னங்காலில் கயிறு கட்டி அதை மைதானத்தில் ஓடவிட்டார்கள். பையன்கள் விசிலடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். சாயங்காலம் காட்டுப் பக்கம் கொண்டுபோய் வாய்க்கட்டை அறுத்துவிட்டார்கள். சொன்னபடி விட்டார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. பின்னங்காலை இழுத்துக்கொண்டு ஓடியது. எங்கள் ஊர் இருக்கிற திசையில் ஓடவில்லை. தாம்பாளத்தை அந்தக் கோயில் படியிலேயே வைத்துவிட்டு நான் பஸ் ஏறினேன்.

அதன்பிறகு அக்காவோடு நான் பேசவில்லை. மாசியில் அவர் மகள் கல்யாணத்துக்கு வீட்டுக்காரர் மட்டும் போய் வந்தார். "ஒரு நரிக்காவ பக்கத்து வூட்டப் பகைச்சிக்குவியா?" என்று கேட்டார். நரிக்காக இல்லை என்று அவருக்குப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. அக்கா சில நாள் சுவருக்கு வந்து "டீச்சரு" என்று கூப்பிட்டுப் பார்ப்பார். நான் கத்தரிச் செடியோடு வேலையாக இருப்பேன். மல்லாட்டையை எலிகள் தின்றன. தட்டைக் கழுவி அலமாரியின் மேலடுக்கில் கவிழ்த்து வைத்திருந்தேன்.

ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை விடியல். பல் துலக்கிக்கொண்டு பின்படியில் நின்றிருந்தேன். வேலிச் சந்தில் கிழிந்த காது தெரிந்தது.

அதேதான். மூஞ்சியைச் சுற்றி, கயிறு அழுத்திய இடத்தில் ரோமம் முளைக்காமல் ஒரு கோடு. இளைத்திருந்தது. அதன் காலுக்குப் பின்னாலிருந்து இன்னொரு சின்ன மூஞ்சி எட்டிப் பார்த்தது. குட்டி. மலையைச் சுற்றி எப்படி வந்தது, எத்தனை நாள் நடந்தது, எனக்குத் தெரியாது. என் வீட்டைத் தேடி வந்திருக்கிறது, குட்டியையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரிந்தது. உள்ளே ஓடினேன். தட்டை எடுத்து, பழைய சோற்றையும் இருந்த கருவாட்டையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். கல்லில் தட்டினேன். ரெண்டு தட்டு. நிறுத்தி, ஒண்ணு.

நரி துள்ளி விழுந்தது. அடி வாங்கின மாதிரி உடம்பைச் சுருக்கி, திரும்பி, முள்ளில் உரசிக்கொண்டு ஓடியது. அப்படி ஓடி அதை நான் பார்த்ததில்லை, பட்டாசு கொளுத்தின நாளில்கூட. குட்டிக்கு என்ன சத்தம் என்றே தெரியவில்லை, ஒரு நிமிஷம் என்னையும் தட்டையும் பார்த்துக்கொண்டு நின்றது. தூரத்திலிருந்து தாய் ஒரு தரம் குரைத்ததும் அதுவும் போய்விட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. தட்டின ஓசைக்கு அக்கா எழுந்து வந்திருந்தார், மூஞ்சிமேல் முந்தானையைப் போட்டுக்கொண்டு. "வந்துடுச்சா டீச்சரு? தொறக்கட்டா?" என்றார் ஆசையாக.

"தொறங்க," என்றேன். ஆறு மாதத்தில் அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

முந்தானையை விலக்கினார். வேலியைப் பார்த்தார், காலியாக இருந்தது. கல்லைப் பார்த்தார், சோறு அப்படியே இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு மெதுவாகத்தான் புரிந்தது, ஆனால் புரிந்தது.

"நான்தான் தட்டுனேன்னு அதுக்குத் தெரியாதே," என்றார். "நீன்னு நெனச்சிக்கிச்சா?"

அதற்கு யார் போய்ச் சொல்வது? அந்த ஊர்க்காரர்களுக்கு நரி கொடுத்தவள் நான். நரிக்கும் நான்தான். பூசைக்குப் போயிருந்தேன், வீட்டில் இல்லை, என்றெல்லாம் ஒரு நரியிடம் எப்படிச் சொல்ல முடியும்?

சோற்றைக் கோழிகளுக்குக் கொட்டினேன். தொட்டித் தண்ணீரில் தட்டைக் கழுவித் துடைத்தேன். சுவரருகே போய் அக்காவின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். "இத நீங்களே வெச்சிக்குங்கக்கா," என்றேன்.

ஒரு கறிவேப்பிலைகூட அதில் வைக்கவில்லை. வெறும் தட்டாகத்தான் கொடுத்தேன்.